மன்னர்ஹெய்ம்: 1944-ஐ விட்டுவிடலாமா?

ஆசிரியருக்கு,

பின்லாந்தின் மார்ஷல் மன்னர்ஹெய்ம் பற்றிய தங்கள் கட்டுரை, சோவியத் யூனியனுடன் 1939-40-இல் நடந்த குளிர்காலப் போரை விரிவாகச் சொல்லிவிட்டு, அவர் குடியரசுத் தலைவரானதை ஒரே வரியில் முடித்துவிட்டது. அவரது வாழ்வின் அரிய அரசியல் செயல் அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது. சோவியத்துடன் மீண்டும் போர் நடந்துகொண்டிருந்த 1944 ஜூனில், ஜெர்மன் ஆயுத உதவிக்காக அன்றைய குடியரசுத் தலைவர் ரிட்டி, சோவியத்துடன் தனியாகச் சமாதானம் செய்துகொள்வதில்லை என்று ஹிட்லருக்குக் கடிதம் கொடுத்தார். வாக்குறுதி நாட்டின் பெயரில் அல்ல, ரிட்டியின் பெயரில். ஆகவே ஆகஸ்ட் 1-இல் அவர் விலகியதும் அது தன்னைக் கட்டுப்படுத்தாது என்று மன்னர்ஹெய்மால் ஜெர்மனியிடம் சொல்ல முடிந்தது. தேர்தலுக்கு அவகாசமில்லாததால், ஆகஸ்ட் 4-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியே 77 வயதான அவரைத் தலைவராக்கியது. செப்டம்பர் 19-இல் மாஸ்கோவில் சோவியத்துடன் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. தென்கிழக்கிலுள்ள கரேலியாவின் பெரும்பகுதியையும் வடகோடியிலுள்ள பெட்சாமோவையும் இழந்து, போர் இழப்பீடாக 30 கோடி டாலர் மதிப்புள்ள பொருள்களும் தர நேர்ந்தது. ஆனாலும் நாடு சோவியத் ஆக்கிரமிப்புக்கு உள்ளாகவில்லை.

வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போது, ரிட்டி ஏன் விலகினார் என்ற இடத்தில்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். 1944 ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நிகழ்வுகளைத் தேதிவாரியாக, புதிய எல்லையைக் காட்டும் வரைபடத்துடன் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிட வேண்டுகிறேன்.

வரலாற்று ஆசிரியர், மதுரை