புளியமரத்தில் இருப்பது புல்லுருவி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் தோட்டப் பகுதியில் ஆர்க்கிட் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலையூர்களிலோ, பெரும் செலவில் போடும் பசுமைக் குடில்களிலோதான் ஆர்க்கிட் வளரும், கொங்குச் சமவெளியின் வெயிலையும் காற்றையும் அது தாங்காது என்று எழுதியிருந்தார்கள். என் வீடு தாராபுரத்துக்குப் பக்கத்தில், காற்றாலைகளுக்கு நடுவில் இருக்கிறது. வாசல் மாமரத்தில் ஒன்பது ஆர்க்கிட் செடிகள் வேர் பிடித்து நிற்கின்றன. கூரை இல்லை, நிழல்வலை இல்லை, தொட்டிகூட இல்லை. இந்த வைகாசியில் அவற்றில் நான்கு பூத்தன. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் என்று முப்பது வருடத்துக்கு மேல் அந்தச் சாலைகளில்தான் என் பிழைப்பு. பின்படிக்கட்டில் நின்று விசில் கொடுக்கும்போது சாலையோரப் புளியமரங்களின் கவைகள் கண்ணுக்கு நேராக வந்து போகும். சில கவைகளில் கெட்டியான, பட்டை பட்டையான இலைகளோடு ஒரு செடி ஒட்டிக்கொண்டிருக்கும். கோடையில் புழுதி படிந்து செத்தது மாதிரி தெரியும். சித்திரை மழை ஒன்று விழுந்ததும் அதிலிருந்து ஒரு காம்பு நீண்டு பூ வரும். டீக்கு வண்டி நிற்கிற இடத்தில் ஒருநாள் உதிர்ந்து கிடந்த பூவை எடுத்து டிக்கெட் கட்டுக்குள் வைத்துக்கொண்டேன். இதழ்களின் பின்புறம் வெள்ளை. முன்புறம் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் பழுப்புக் கட்டங்கள், சென்னிமலைப் போர்வையில் இருப்பதுபோல அத்தனை ஒழுங்காக. நடுவில் ஊதா நிறத்தில் ஒரு நாக்கு. மணம் நாள் முழுக்கப் பையில் இருந்தது.

விடுப்பு நாளில் அதைக் கோவைக்குக் கொண்டுபோனேன். வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் மத்திய அரசின் தாவரவியல் ஆய்வுத் துறை அலுவலகம் இருக்கிறது. அங்கிருந்த ஒருவர் வாடிய பூவைப் பார்த்ததுமே ‘வாண்டா டெசலேட்டா’ என்று சொல்லிவிட்டார். டெசலேட்டா என்றால் கட்டம் போட்டது என்று பொருளாம். வாண்டா என்பதே நம் நாட்டுச் சொல்தான். மரத்தின் மேல் வளரும் செடிக்குச் சமஸ்கிருதத்தில் இருந்த பெயரை வெள்ளைக்காரர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நம்மூர்ச் செடி, நம் நாட்டுப் பெயர். நாம் மட்டும் அதைப் புல்லுருவி என்கிறோம்.

இந்தப் பெயர்க் குழப்பம்தான் பெரிய கேடு. புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கிச் சாற்றை உறிஞ்சும். மாமரத்தில் அது வந்தால் கிளையோடு வெட்டத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆர்க்கிட் அப்படியல்ல. பட்டையின் மேல் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். மழை, பனி, காற்றில் வருகிற தூசு, மரப்பட்டை மக்கிய துகள், இவைதான் அதற்குச் சாப்பாடு. மரத்திடமிருந்து ஒரு சொட்டுகூட எடுக்காது. எங்கள் பக்கம் தோப்புகளில் கொக்கி போட்டு இழுத்து எறிகிறார்கள். பனைமரத்தின் மட்டை இடுக்குகளில் வளரும் இன்னொரு நாட்டு ஆர்க்கிட்டுக்கும் இதே கதிதான்.

எங்கள் பக்கத்துச் சாலையை அகலப்படுத்தியபோது வரிசையாகப் புளியமரங்கள் விழுந்தன. நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியிருந்தது. சைக்கிளில் போய்ப் பார்த்தால், வெட்டிப் போட்ட கிளைகளில் செடிகள் அப்படியே இருக்கின்றன, இரண்டு பூவோடு கிடந்தன. மரம் அறுத்துக்கொண்டிருந்த தம்பியிடம் கேட்டுத்தான் எடுத்தேன். “ஏனுங்ண்ணா, இந்தப் புல்லுருவிய வெச்சு என்னங்க பண்ணப் போறீங்க?” என்றார். பட்டையோடு சேர்த்து அவரே செதுக்கியும் கொடுத்தார். மொத்தம் பதினாலு செடி.

முதல் ஐந்தை நானே கொன்றேன். செடி என்றால் மண் வேண்டும் என்று நினைத்து, செம்மண்ணும் எருவும் கலந்து தொட்டியில் வைத்து, காலையும் மாலையும் போர்வெல் தண்ணீர் ஊற்றினேன். இருபது நாளில் அடி அழுகி நாற்றம் வந்தது. வேரைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறையாகக் கழன்று வந்து, உள்ளே நூல் மட்டும் மிஞ்சியது.

மிச்சம் ஒன்பதைக் காப்பாற்றியது என் மகள் வீட்டில் பார்த்த ஒரு காட்சி. அவள் அமெரிக்காவில் சாண்டியாகோவில் இருக்கிறாள். கடலோர ஊர், ஆனால் வருடம் முழுக்கப் பெய்யும் மழை 250 மி.மீ. அளவுதான், அதுவும் குளிர்காலத்தில். கோடையில் வானம் வாயே திறக்காது. அங்கே பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா மெக்சிகோ நாட்டு லேலியா ஆர்க்கிட்டை முற்றத்து மரத்தில் கட்டி வைத்திருக்கிறார். சிம்பிடியம் என்ற இன்னொரு ஆர்க்கிட் வாசலில், திறந்த வெளியில் நிற்கிறது. மழை இல்லாத ஊரில் எப்படி என்று மகளை விட்டுக் கேட்டேன். மே, ஜூன் மாதங்களில் காலை வேளை கடல் மேகம் தாழ இறங்கி ஈரம் தரும். இரவு குளிர்ந்துவிடும். பயம் எல்லாம் இலையுதிர் காலத்தில் பாலைவனத்திலிருந்து வரும் சாண்டா அனா என்ற வறண்ட காற்றுக்குத்தான். அந்த நாட்களில் செடியைச் சுற்றித் தரையை நனைத்து வைப்பாராம். எனக்கு உடனே எங்கள் ஊர் ஆடிக் காற்று நினைவுக்கு வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைகிற காற்று, மழையை எல்லாம் அந்தப் பக்கமே கொட்டிவிட்டு எங்களிடம் வரும்போது வெறுங்கையோடுதான் வரும்.

ஊர் திரும்பியதும் ஒன்பதையும் மாமரத்தில் கட்டினேன். ஆடிக் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். அதனால் தண்டின் வடகிழக்குப் பக்கம். காற்றுக்கு மரமே மறைப்பு, மாலை வெயிலும் படாது, காலை வெயில் கிடைக்கும். கட்டுவதற்குத் திருப்பூர் பனியன் வேஸ்ட் துணியை மிஞ்ச எதுவும் இல்லை. கம்பியும் நைலானும் தண்டை அறுக்கும். பனியன் துணி இழுவைக்கு இசைந்து கொடுக்கும். ஆனால் இறுக்கிக் கட்ட வேண்டும். செடி ஆடினால் புதிதாக வருகிற வேர்நுனி பட்டையில் உரசி முறிந்துவிடும். கொய்யாவில் கட்டாதீர்கள், பட்டை உரியும். மா, புளி, பலா மாதிரி சொரசொரப்பான மரம்தான் சரி. மரம் இல்லாதவர்கள் காங்கேயம் பக்கம் கிடைக்கும் தேங்காய்த் தொட்டிக் (கொட்டாங்குச்சி) கரியையும் உடைத்த ஓட்டுச் சில்லுகளையும் மரச்சட்டக் கூடையில் போட்டு, அதில் வைத்துத் தொங்கவிடலாம். மண் மட்டும் ஆகவே ஆகாது.

தண்ணீர் விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. சோறு வடித்தால் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு நிற்கும். அதே படிவு வேரிலும் நின்று நுனியைக் கருக்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மொட்டை மாடித் தண்ணீரை ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸில் பிடித்து மூடி வைக்கிறேன். ஒன்பது செடிக்கு அது கோடை முழுக்க வரும். ஊற்றுகிற நேரம், வெயில் தாழ்ந்து மரத்தண்டைத் தொட்டால் சூடு இல்லாத நேரம். இந்தச் செடியின் இலைத்துளைகள் கள்ளியைப் போல, அன்னாசியைப் போல, இரவில்தான் திறக்கும். பகல் வெயிலில் வாயை மூடிக்கொண்டு ஈரத்தைக் காக்கும். வறண்ட சாலையோரத்தில் அது பிழைத்த ரகசியம் இதுதான். ஆகவே இரவு ஈரம்தான் அதற்கு வேண்டும், அதன்பின் காற்றோட்டம்.

எவ்வளவு தண்ணீர் என்பதை வேரே சொல்லும். காய்ந்த வேர் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாக இருக்கும். கைத்தெளிப்பானால் மெல்ல அடித்துப் பாருங்கள். முதலில் புள்ளி புள்ளியாக, பிறகு முழு நீளத்துக்கும், வெள்ளை மறைந்து பச்சை ஊறி வரும். பஞ்சு மாதிரியான மேலுறை தண்ணீரைக் குடிக்கிறது, உள்ளிருக்கும் பச்சை தெரிகிறது. முழுக்கப் பச்சையானால் போதும், நிறுத்திவிடலாம். என் பேத்தி விடுமுறைக்கு வந்தால் இதைப் பார்ப்பதற்காகவே சாயங்காலம் ஏணியைக் கொண்டுவரச் சொல்வாள். புது வேர் ஓடுகிற மழை மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள ‘ஆல் 19’ உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் கலந்து தெளிப்பேன். அதற்கு மேல் எதுவும் இல்லை.

எல்லா ஆர்க்கிட்டும் இங்கே வரும் என்று நான் சொல்லவில்லை. ஊட்டி மலர்க் காட்சிக்குப் போனபோது ஆசைப்பட்டு ஒரு சிம்பிடியம் வாங்கி வந்தேன். மூன்று வருடம் இலை விட்டது, பூ ஒன்றுகூட இல்லை. அதற்கு இரவில் பன்னிரண்டு, பதிமூன்று டிகிரிக் குளிர் வேண்டும். எங்களுக்கு மார்கழியில்கூட அவ்வளவு இறங்காது. மகள் ஊரில் அது பூப்பதற்கும் இங்கே பூக்காததற்கும் காரணம் இரவுதான், பகல் வெயில் இல்லை. விற்றவர் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இதை நினைத்தாலே அந்தக் கட்டுரையில் எனக்கு வருத்தம் வருகிறது. மலைச்செடியை இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டு, ஆர்க்கிட்டே நம் மண்ணுக்கு ஆகாது என்று முடிவு கட்டுகிறோம். ஐஸ்கிரீமுக்குப் போகும் வெனிலாவும் ஆர்க்கிட் கொடிதான். பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஒரு காலத்தில் போட்டிபோட்டு வைத்தார்களே!

இதைப் படித்துவிட்டு யாரும் ஆனைமலைக் காட்டுக்குள் போய்ச் செடி பறிக்க வேண்டாம். காட்டுச் செடியைத் தொடுவது சட்டப்படி குற்றம். ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே சைட்டிஸ் எனும் உலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. விதை மாவுத்தூள் மாதிரி. ஒரு வகைப் பூஞ்சையின் துணை கிடைத்தால்தான் முளைக்கும். முளைத்தது பூக்கப் பல வருடம் ஆகும். ஒரு புளியமரக் கவையில் இருப்பதை இழந்தால் அதைக் கடையில் வாங்கி ஈடுகட்ட முடியாது.

இப்போது எங்கள் ஊரிலிருந்து போகும் இன்னொரு சாலையில் மரங்களுக்கு வெள்ளை பெயின்டில் எண் போட்டிருக்கிறார்கள். நடந்து போய்ப் பார்த்தேன். எண் போட்ட மரங்களில் மூன்றில் வாண்டா இருக்கிறது, ஒன்றில் காய் பிடித்திருக்கிறது. மரத்தையே விட்டுவைத்தால் அதைவிட எனக்கு வேறொன்றும் வேண்டாம். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், ரம்பம் வைப்பதற்கு முன் பொறுப்பில் இருப்பவர்கள் செடிகளை எடுத்து வேறு மரத்தில் கட்ட ஒருநாள் காலை நேரம் மட்டும் அனுமதி கொடுக்கட்டும். பக்கத்துப் பள்ளிக்கூட வளாகத்தில் இரண்டு பெரிய வேம்பும் ஒரு மாமரமும் நிற்கின்றன, தலைமையாசிரியர் சம்மதம் சொல்லிவிட்டார். ஏணியும் பனியன் துணியும் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர்,
தாராபுரம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.