பெற்றோருக்கு: இந்த டெர்ம் பத்தியும் செஸ் கிளப் புக்ஸ் பத்தியும்

அன்பான பெற்றோர் எல்லாருக்கும் வணக்கம்,

காலாண்டுப் பரீட்சை நல்லபடியா முடிஞ்சிது, ரேங்க் கார்டு திங்கக்கிழமை குடுக்கறோம். ஸ்போர்ட்ஸ் டே, சயின்ஸ் எக்ஸிபிஷன் ரெண்டுலயும் பசங்க அசத்திட்டாங்க, எல்லாருக்கும் பாராட்டு.

இப்ப செஸ் கிளப் பத்தி கொஞ்சம் பேசணும். போன பி.டி.ஏ. மீட்டிங்ல சில பேர், நூறு வருஷத்துப் பழைய புக்க வச்சு ஏன் சொல்லித் தரீங்க, அதான் போன்லயே ஆப் இருக்கேன்னு கேட்டீங்க. கேக்க வேண்டிய கேள்விதான். ஆப்ல பசில் போடறது நல்ல பழக்கம், அத நான் வேணாம்னு சொல்லவே இல்ல. ஆனா போட்ட மூவ் தப்புன்னு ஆப் சிவப்புல காட்டிட்டுப் போயிடும், ஏன் தப்புன்னு ஆறாவது படிக்கிற பிள்ளைக்குப் பொறுமையா சொல்லாது. காபபிளாங்கா உலக சாம்பியன் ஆன அதே 1921ல வந்த "செஸ் ஃபண்டமென்டல்ஸ்" எடுத்துப் பாருங்க, ராஜாவும் ஒரே ஒரு ரூக்கும் (யானை) வச்சு எதிராளி ராஜாவ போர்டோட ஓரத்துக்குத் தள்ளி மேட் பண்றதுலதான் ஆரம்பிக்குது, எந்த இஞ்சின் (செஸ் ஆடற கம்ப்யூட்டர் புரோகிராம்) வந்தாலும் அந்தப் பாடம் பழசாகாது. செர்னெவ் 1957ல எழுதின "லாஜிக்கல் செஸ்"ல 33 கேம், ஒவ்வொரு மூவுக்கும் காரணம் இருக்கு. நம்ம பசங்க ஸ்கேல் வச்சு அடுத்த வரிய மறைச்சிட்டு, போர்டப் பாத்து, இங்க குதிரை வரும் சார்னு சொல்லிட்டு அப்புறந்தான் ஸ்கேல எடுக்கறாங்க. அந்த அரை நிமிஷம் யோசிக்கிறாங்க பாருங்க, அதுதான் எனக்கு வேணும்.

எல்லா பழைய புக்கும் ஆரம்பத்துக்கு ஆகாது, அதையும் சொல்லிடறேன். நிம்சோவிட்ச்சோட "மை சிஸ்டம்" பெரிய புக்தான், ஆனா இப்பத்தான் கத்துக்கற பிள்ளைக்கு அவசரப்பட்டு வாங்கிக் குடுக்காதீங்க. ஓப்பனிங், அதாவது ஆட்டத்தோட முதல் சில மூவ் பத்தி பழைய புக்ல இருக்கறது நிறைய மாறிடுச்சு. ரொம்ப பழைய இங்கிலீஷ் காப்பின்னா மூவ் எல்லாம் பி-கே4னு பழைய முறையில எழுதிப் போட்டிருக்கும், உலக செஸ் சங்கமான ஃபிடே 1981லயே அந்த முறைய விட்டாச்சு, அதனால அதே மூவ இ4னு போட்ட புது பதிப்பா பாத்து வாங்குங்க.

ஒரு விஷயத்துல மட்டும் நான் கறாரா இருக்கப்போறேன். செஸ் பீரியட்ல பெஞ்சுக்கு அடியில போன்ல இஞ்சின் ஓட்டி எதிர்ல உக்காந்திருக்கற பிள்ளைய ஜெயிக்கறது நடக்குது, அந்த போன் வீட்லேருந்துதான் வருது. இனிமே பையில போன் இருந்தா ஆபீஸ்ல வாங்கி வச்சிடுவோம், நீங்க நேர்ல வந்துதான் வாங்கிக்கணும், யாருக்கும் விலக்கு கிடையாது. 2024ல உலக சாம்பியன் ஆன நம்ம சென்னைப் பையன் குகேஷ கூட சின்ன வயசுல ரொம்ப நாள் இஞ்சின் பக்கமே விடாமத்தான் அவரோட கோச் வளத்தார்.

கோவமா சொல்றேன்னு நினைக்காதீங்க. பிள்ளைங்க கூட வீட்ல போர்டு போட்டு உக்கார்ற அப்பா அம்மாவுக்கும், லைப்ரரிக்கு புக் வாங்கிக் குடுத்தவங்களுக்கும் மனசார நன்றி. வீட்டுக்கு எடுத்துட்டுப் போன புக்க லீவு முடிஞ்சதும் மறக்காம குடுத்து விடுங்க, அடுத்த பிள்ளை காத்துட்டிருக்கு.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்