எஸ்ஸோ கிண்ணத்துக்குத் தோள் கொடுத்த சட்பரி மக்களுக்கு நன்றி

அன்புள்ள சட்பரி நண்பர்களுக்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

2019 எஸ்ஸோ கிண்ண ஐஸ் ஹொக்கிப் போட்டி முடிந்து, வந்த அணிகள் எல்லாம் வீடு போய்ச் சேர்ந்துவிட்டன. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் நன்றி சொல்லியாகிவிட்டது. தமிழிலும் சொல்ல வேண்டும். உதவியவர்களில் எங்கள் வீடுகளும் இருந்தன. பக்கத்தில் யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு விளக்கம். 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான கனடாவின் தேசியக் கழகப் போட்டிதான் எஸ்ஸோ கிண்ணம். 2009இல் கல்கரியில் தொடங்கியது. பசிபிக், மேற்கு, ஒன்ராறியோ, கியூபெக், அத்திலாந்திக் என்று ஐந்து பிராந்தியங்களில் வென்ற அணிகள் வரும்; ஆறாவது, போட்டியை நடத்தும் ஊரின் அணி. ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்தோடும் ஆட வேண்டும். அப்புறம் இரண்டு அரையிறுதி, வெண்கலத்துக்கு ஒன்று, தங்கத்துக்கு ஒன்று. ஒரு வாரத்துக்குள் 19 ஆட்டங்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் அணியான லேடி வுல்வ்ஸ் 2015இல் ரெட் டியரில் இதே கிண்ணத்தை வென்று வந்த அணி. இம்முறை சொந்த ஊரிலேயே, சொந்தச் சனங்களுக்கு முன்னால் ஆடினார்கள்.

முதல் நன்றி ஐஸ் தளத்தைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு. கன்ட்ரிசைட் அரங்கில் ஸம்போனி என்ற ஐஸ் சமப்படுத்தும் வண்டியை ஓட்டியவர்களின் பெயர் எந்த ஆட்டக் குறிப்பிலும் வராது. ஆனால் அவர்கள் இல்லாமல் ஆட்டமே இல்லை. ஒரு பகுதி ஆடி முடிந்ததும் ஐஸ் முழுக்கக் கீறலாக இருக்கும். மேல்படையைச் சீவி எடுத்து, வெந்நீரை மெல்லிய படையாக விட வேண்டும். வெந்நீர்தான் மேற்பரப்பைச் சற்று உருக்கி, அடியிலுள்ள ஐஸோடு நன்றாக ஒட்டி உறையும். அதுவும் ஏப்ரல் கடைசி, வெளியே பனி உருகுகிற காலம். அரங்கு நிறைய ஆட்கள், ஈர உடுப்புகள், கதவு திறக்கிற ஒவ்வொரு முறையும் உள்ளே வரும் ஈரக்காற்று. இப்படியான நாட்களில் ஐஸ் மென்மையாகிவிடும், ஆடுகிற இறப்பர் வட்டான பக் துள்ளும், நல்ல பாஸ் கூடத் தவறிப்போகும். கடைசி நாள் வரைக்கும் அந்தக் குறை தெரியாமல் பார்த்துக்கொண்டீர்கள். தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற சின்னப் பிள்ளைகள் ஸம்போனிக்கும் கைகாட்டினார்கள். அது உங்களுக்கு உரியதுதான்.

நள்ளிரவு தாண்டியும் துவாய் தோய்த்து உலர்த்திய அக்காமாருக்கு நன்றி. ஒரே நாளில் எத்தனை துவாய் சேரும் என்று அந்த அறைக்குள் நின்றவர்களுக்குத்தான் தெரியும். ஸ்கேற் தீட்டித் தந்த அண்ணாவுக்கு நன்றி. விதி மீறியவர்கள் உட்காரும் தண்டனைப் பெட்டியின் கதவைத் திறந்து மூடியவர்கள், நேரம் பார்த்தவர்கள், கோப்பி ஊற்றியவர்கள், வாகனத் தரிப்பிடத்தில் குளிருக்குள் நின்று வழிகாட்டியவர்கள், எல்லோருக்கும் நன்றி. விசில் பிடித்த பெண் நடுவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். விளையாடுவது மட்டுமில்லை, ஆட்டத்தை நடத்துவதும் தன் வேலையாக இருக்கலாம் என்று என் மகள் கண்ணால் கண்டாள்.

சட்பரியில் பலருக்குப் பிரெஞ்சு வீட்டு மொழி. கியூபெக் பிள்ளைகள் வந்து இறங்கியபோது எங்கள் பிராங்கோ ஒன்ராறியர்கள், அதாவது ஒன்ராறியோவின் பிரெஞ்சு பேசும் மக்கள், அவர்களைத் தங்கள் பிள்ளைகள் மாதிரியே கவனித்துக்கொண்டார்கள். பதினாறு வயதில், வீட்டைவிட்டுத் தூரத்தில், முக்கியமான ஆட்டத்துக்கு முந்திய இரவில் தன் மொழியில் ஒருவர் "சாப்பிட்டாயா?" என்று கேட்பது சின்ன விஷயம் இல்லை. புலம்பெயர்ந்து வந்த எங்களுக்கு அது விளங்கும்.

இனி எங்கள் ஆட்கள். லோரன்ஷியன் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் பரீட்சைக் களைப்போடு வந்து, கதவிலும் சீட்டு விற்கிற மேசையிலும் நின்றார்கள். தம்பிமார், தங்கச்சிமார், நீங்கள் வராவிட்டால் ஈஸ்டரை ஒட்டிய நாட்களில் நாங்கள் ஆளில்லாமல் திண்டாடியிருப்போம். நான் அரங்கில் நின்ற நேரமெல்லாம் என் சின்னவனைப் பள்ளிக்கு ஏற்றி இறக்கிய பக்கத்து வீட்டு அண்ணிக்கும் நன்றி. ஒரு மாமி தொடக்கத்தில், "பொம்பிளைப் பிள்ளையள் இடிபட்டு விழுந்தால் ஆர் பார்க்கிறது?" என்று கேட்டார். பெண்கள் ஹொக்கியில் உடம்பால் மோதித் தள்ளுவதற்கு அனுமதியில்லை, முகம் முழுவதற்கும் காப்பு கட்டாயம் என்று சொன்னோம். சரி, பார்ப்போம் என்று வந்தவர், பிறகு கம்பளியோடும் ஒரு போத்தல் தேத்தண்ணீரோடும் தினமும் வந்தார். மாமி, உங்கள் குரல் எதிர்ப்பக்க இருக்கை வரைக்கும் கேட்டது. மிக்க நன்றி.

நிரம்பியிருந்த இருக்கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மார்ச் 24இல் கல்கரி இன்பேர்னோ என்ற பெண்கள் அணி, தன் லீக்கின் வெற்றிக் கிண்ணமான கிளார்க்சன் கிண்ணத்தை வென்றது. அந்த அணியில் எங்கள் ஊர் ரெபெக்கா ஜோன்ஸ்ரனும் ஆடினார். அடுத்த வாரமே, மார்ச் 31இல், அவர்கள் ஆடிய கனடியப் பெண்கள் ஹொக்கி லீக் மூடப்படுகிறது என்ற அறிவிப்பு வந்தது. 2007இல் தொடங்கிய லீக் அது. ஏப்ரல் நடுவில் பின்லாந்தின் எஸ்போவில் நடந்த பெண்கள் உலகப் போட்டியில் கனடா முதல் தடவையாக இறுதி ஆட்டத்துக்குப் போகாமல் வெண்கலத்தோடு திரும்பியது. அதே மாதக் கடைசியில்தான் ஆறு அணிகளின் பிள்ளைகள் இங்கே வந்தார்கள். இனி வளர்ந்து எங்கே விளையாடுவது என்ற கேள்வி அவர்கள் ஒவ்வொருவர் மனதிலும் இருந்திருக்கும். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. ஆனால் சுரங்க வேலை முடிந்து அப்படியே வந்து உட்கார்ந்தவர்கள், எங்கள் ஊர் ஆண்கள் அணியான வுல்வ்ஸ் பையன்களுக்குக் கத்துவது போலவே இவர்களுக்கும் கத்தினார்கள். பெண் பிள்ளைகள்தானே, ஊக்கப்படுத்துவோம் என்ற தொனி அதில் இல்லை. நல்ல ஆட்டத்துக்குக் கைதட்டினார்கள், மோசமான பாஸுக்கு முனகினார்கள். ரெபெக்காவையும் ரெஸ்ஸா பொனோமையும் ஒலிம்பிக் தங்கம் வரை அனுப்பிய ஊர் இது. பார்க்கத் தெரிந்தவர்கள். உங்களுக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அல்பேர்ட்டாவின் சென்ற் அல்பேர்ட் ஸ்லாஷ் அணிக்கு வாழ்த்துகள். 2017, 2018, இப்போது 2019. மூன்று ஆண்டு தொடர்ந்து இந்தக் கிண்ணத்தை இதற்கு முன் யாரும் வென்றதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இலையுதிர் காலத்தில் சிறுமிகளுக்கான புதிய பருவம் தொடங்கும். ஹொக்கிச் சாமான் விலை எல்லோருக்கும் தெரியும். உங்கள் பிள்ளைக்குச் சின்னதாகிப்போன ஸ்கேற், தலைக்கவசம், காற்காப்பு எதுவென்றாலும் வீட்டில் முடக்காமல் தாருங்கள். போட்டுக்கொள்ளப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். போட்டி முடிந்த நாளிலிருந்து மகளைச் சேர்ப்பது எப்படி என்று சில தமிழ்ப் பெற்றோர் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் நாள் ஸ்கேற் கயிறு கட்டிக் காட்ட நான் வருவேன். நீங்களும் வாருங்கள்.

அன்புடன்,
போட்டித் தொண்டர்களில் ஒருத்தி, ஒரு சின்னக் கோல் காப்பாளரின் அம்மா
சட்பரி, ஒன்ராறியோ