கைபேசியும் கரண்டும்: ரங்கூனிலிருந்து ஒரு கடிதம்

ரங்கூன்

அன்புள்ள நண்பா,

வணக்கம். இங்கு நாங்கள் அனைவரும் நலம். அங்கு நீயும் வீட்டாரும் பேரப்பிள்ளைகளும் நலந்தானே? ஊருக்கு வந்து திரும்பிய உறவினர் வழியாக நீ கொடுத்தனுப்பிய கடிதம் கிடைத்தது. பேரன் உனக்குப் புதுக் கைபேசி வாங்கிக் கொடுத்ததையும், அதன் கேமரா 108 மெகாபிக்சல் என்பதையும், திருச்சியில் உன் தெருமுனை டீக்கடைக்காரர்கூடப் பத்து ரூபாய்க்குக் கியூஆர் அட்டையை நீட்டுவதையும் படித்துச் சிரித்துக்கொண்டேன். "நீ என்ன போன் வைத்திருக்கிறாய், அங்கே அதற்கு என்ன செலவாகிறது?" என்று முடித்திருந்தாய். அதற்குத்தான் இந்த நீண்ட பதில்.

என்னுடையது நடுத்தர விலையில் கிடைக்கும் ஒரு சீனக் கைபேசி. மகாபந்தூலா சாலையில் அதை வாங்கப் போனபோது கடைக்காரப் பையன் கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 5,000 எம்ஏஎச் கொள்ளளவுள்ள பேட்டரி என்பதைத்தான் முதலில் சொன்னான். இரண்டு சிம் போடலாமா, மெமரி கார்டுக்கு இடம் உண்டா, எஃப்எம் வானொலி உண்டா என்று நான் கேட்டேன். விலையுயர்ந்த போன்களில் இந்த வசதிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வருகிறார்கள். எங்களுக்கோ அவைதான் போனின் பாதி மதிப்பு. ஒரு நிறுவனத்தின் சிக்னல் போனால் மற்றொன்றில் பிழைத்துக்கொள்ளலாம். காதுக்கருவியின் ஒயரையே ஏரியலாகக் கொண்டு, ஒரு காசு டேட்டா செலவில்லாமல், வானொலி பாடும்.

பேட்டரிக்கு ஏன் இத்தனை முதன்மை என்று உனக்கே புரியும். எங்கள் வட்டாரத்துக்கு மின்சாரம் முறை வைத்து வருகிறது. கோடையில் அந்த முறையும் தவறுகிறது. நள்ளிரவில் கரண்ட் வந்துவிட்டால் வீடே எழுந்துகொள்ளும். முதலில் தண்ணீர் மோட்டார், பிறகு சோற்றுக் குக்கர், அதன் பிறகு தரையில் கிடக்கும் நீண்ட எக்ஸ்டென்ஷன் பெட்டியில் வீட்டிலுள்ள போன்களும் பவர் பேங்குகளும் வரிசையாக ஏறும். நம் ரங்கூனில் மாடி வீடுகளின் பால்கனியிலிருந்து தெருவரைக்கும் கயிறு தொங்குமே, நினைவிருக்கிறதா? செய்தித்தாளும் காய்கறியும் ஏறி வந்த அதே கயிற்றில் இப்போது பகல் வேளைகளில் பிளாஸ்டிக் பைக்குள் பவர் பேங்க் இறங்குகிறது. கீழ்த்தளத்துக் கடையில் ஜெனரேட்டர் ஓடும்போது ஒரு சிறு தொகைக்கு சார்ஜ் ஏற்றித் தருகிறார்கள். ஏற்றியாயிற்று என்றால் கடைப் பையன் கயிற்றை இரண்டு முறை இழுப்பான். மேலே கட்டியிருக்கும் மணி அடிக்கும். என் மனைவி போய்த் தூக்கிக்கொள்வாள்.

பவர் பேங்க் வாங்குகிறவர்களை அதன் மேல் அச்சிட்ட எண் நன்றாகவே ஏமாற்றுகிறது. 20,000 எம்ஏஎச் என்றிருந்தால் 5,000 எம்ஏஎச் போனை நான்கு முறை நிரப்பலாம் என்றுதான் யாரும் கணக்குப் போடுவார்கள். ஆனால் அந்த எண் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் மின்கலத்துக்கு உரியது. அதை 5 வோல்ட்டாக உயர்த்தி வெளியே அனுப்பும்போது ஒரு பங்கும், வெப்பமாக இன்னொரு பங்கும் போய்விடுவதால் ஏறத்தாழ மூன்று முறைக்கு மேல் கிடைப்பதில்லை. இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. நீண்ட நேரம் மின்சாரம் இல்லாவிட்டால் செல்பேசிக் கோபுரங்களும் தம் பேட்டரியும் டீசலும் தீர்ந்து ஒவ்வொன்றாக அடங்கிவிடுகின்றன. அப்போது நம் கையிலுள்ள போன் தொலைவிலுள்ள ஏதாவதொரு கோபுரத்தை எட்டிப் பிடிக்கத் தன் வலிமையைக் கூட்டிக்கொண்டு ஓயாமல் தேடுகிறது; யாரும் தொடாமலே மேசைமேல் கிடக்கிற போன் சூடாகி, பாதி சார்ஜைத் தின்றுவிடுகிறது. கரண்ட் போய் சிக்னலும் மங்கினால் ஃபிளைட் மோடில் போட்டுவிட வேண்டும் என்பதை இங்கு பள்ளிப் பிள்ளையும் அறியும்.

நீ இங்கிருந்து புறப்பட்ட தொண்ணூறுகளின் இறுதியில் நடைபாதையில் மேசை போட்டு, குடைக்குக் கீழே இரண்டு மூன்று தொலைபேசிகளை வைத்து, நிமிடக் கணக்கில் காசு வாங்குவார்களே, அந்த மேசைகள் அதன் பிறகும் பல ஆண்டுகள் இருந்தன. கைபேசி என்பது காரும் பங்களாவும் உள்ளவர்களுக்கே உரியதாக இருந்தது. 2009 வாக்கில்கூட ஒரு சிம் அட்டை பத்து, பதினைந்து லட்சம் கியாட் விற்றது. கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தில் சிம் வாங்கி, அதை வாடகைக்கு விட்டுப் பிழைத்தவர்களை நான் அறிவேன். 2013 ஏப்ரலில் அரசு நிறுவனமான எம்பிடி 1,500 கியாட் சிம்மைக் குலுக்கல் முறையில் கொடுக்கத் தொடங்கியது. 2014-இல் கத்தாரின் ஊரிடூவும் நார்வேயின் டெலிநாரும் வந்த பிறகு குலுக்கலும் தேவையில்லாமல் போயிற்று. மற்ற நாடுகள் வீட்டுத் தொலைபேசி, கணினி, கைபேசி என்று படிப்படியாக ஏறின. எங்களில் பெரும்பாலோர் எந்தத் தொலைபேசியும் இல்லாத நிலையிலிருந்து ஒரே தாவலில் ஸ்மார்ட்போனுக்கு வந்தோம். அதனால்தானோ என்னவோ, இங்கு எல்லாமே அந்தச் சிறு பெட்டிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. அது நின்றால் வீட்டில் பாதி வேலை நின்றுபோகிறது.

இனிப் பணத்துக்கு வருகிறேன். போன் வழியே பணம் அனுப்பும் செயலிகளான வேவ் மணி 2016-இலும் கேபிஇசட் பே 2018-இலும் வந்தன. என் போன்றவர்கள் அவற்றை இளைஞர் விளையாட்டு என்றே ஒதுக்கி வைத்திருந்தோம். ஆட்சி ராணுவத்தின் கைக்குப் போன 2021 பிப்ரவரிக்குப் பிறகு வங்கிகள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்து, திறந்தபோதும் எடுக்கும் தொகைக்கு வரம்பு வந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. கணக்கில் பணம் இருக்கும், கையில் நோட்டு இருக்காது. போனிலுள்ள பணத்தை நோட்டாக மாற்றித் தரும் ஒரு முகவர் கடையில் நூற்றுக்கு ஏழு, எட்டு என்று கழித்துக்கொண்டுதான் என் சொந்தப் பணத்தை எனக்கே கொடுத்தார்கள். அதையும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். நோட்டாக மாற்றினால் நட்டம் என்றானதும், ஊரே போனிலிருந்து போனுக்குக் கொடுத்து வாங்கப் பழகிக்கொண்டது. இன்று வெற்றிலைக் கடையிலும் கியூஆர் உண்டு; நம் கோயில் உண்டியலுக்குப் பக்கத்திலும் ஒன்றை ஒட்டி, சந்தனப் பொட்டு வைத்திருக்கிறார்கள். மூலையில் சிறிது கிழிந்த நோட்டையும் வாங்க மறுக்கிற ஊராயிற்றே இது. அந்தத் தகராறு போன் பணத்தில் இல்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் உங்கள் யூபிஐயில் எந்தச் செயலியிலிருந்தும் எந்த வங்கிக்கும் பணம் போகிறது. இங்கு நெடுநாள் இவருக்கு இந்தச் செயலி, அவருக்கு அந்தச் செயலி என்று பணத்தைப் பிரித்துப் பிரித்து வைத்துத் திண்டாடினோம். லைன் இல்லாவிட்டால் கடைக்காரரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பணம் அனுப்பியதன் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினால் அவர் நம்ப மாட்டார், பொய்யான படங்கள் அத்தனை சுற்றுகின்றன. தம் போனில் மணி அடித்த பிறகே பொட்டலத்தை நீட்டுவார்.

செலவைப் பற்றிக் கேட்டாயே, அதைக் கணக்காகவே சொல்கிறேன். 2021 தொடக்கத்தில் ஒரு டாலர் ஏறக்குறைய 1,330 கியாட். 150 டாலர் போன் அன்று இரண்டு லட்சம் கியாட். வெளிச்சந்தையில் டாலர் நாலாயிரத்தைத் தாண்டிய பிறகு அதே போன் ஆறு லட்சத்துக்கு மேல். சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் டேட்டாவின் விலை இருமடங்காயிற்று. 2022 ஜனவரியில் புதிய சிம் ஒவ்வொன்றுக்கும் 20,000 கியாட் வரி விதித்தார்கள். சிம்மின் விலை 1,500, அதன் மேல் வரி அதைப்போல் பல மடங்கு! ஆகவே பழைய சிம் செத்துவிடாமல் காப்பது ஒரு குடும்பக் கடமையாகிவிட்டது. அதைப் பதிந்துகொள்ள அடையாள அட்டை வேண்டும். நம் தமிழர் பலருக்கு அந்த அட்டை கிடைப்பதே எத்தனை பாடு என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பேரனின் பெயரில் பாட்டியின் எண் இருக்கும் வீடுகள் ஏராளம்.

டேட்டாவின் விலை ஏறியதால் ஒரு நல்ல பழக்கமும் வந்தது. கோயிலில் ஞாயிறுதோறும் நான் நடத்தும் தமிழ் வகுப்புக்குப் பாடநூல் கிடைப்பது எப்போதும் கடினம். சென்னைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலிருந்து நூல்களை ஒருவர் ஒரு முறை இறக்கிக்கொள்வார். பிறகு ஜாப்யா என்னும் செயலி வழியாக, இணையமே இல்லாமல், ஒரு போனிலிருந்து பக்கத்துப் போனுக்கு அவற்றை அனுப்பிக்கொள்கிறோம். இரண்டு போன்களும் தமக்குள் வைஃபையால் பிணைந்துகொள்வதால் டேட்டா ஒரு துளியும் செலவாவதில்லை. வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் மண்டபத் தூணோரம் தலைகளை ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் ஏதோ விளையாட்டு என்று தோன்றும். அடுத்த வாரப் பாடம் மாறிக்கொண்டிருக்கும். தமிழில் எழுதச் சோம்புகிற பிள்ளைகளுக்குக் குரல்வழித் தட்டச்சைக் காட்டிக் கொடுத்தேன். கூகுள் 2017-இல் தமிழுக்குக் கொண்டுவந்த வசதி அது. அவர்கள் சொல்ல, திரையில் எழுத்து வருகிறது; எங்கள் பேச்சில் கலந்துவிட்ட பர்மியச் சொற்களை அது என்னென்னவோ ஆக்கிவிடும், அந்தப் பிழைகளைத் திருத்தச் சொல்வதே இப்போது என் பயிற்சிப் பாடம். நான் மட்டும் மலேசியாவில் உருவான செல்லினம் என்னும் தமிழ்த் தட்டச்சுச் செயலியில் விரலால்தான் அடிக்கிறேன்; போனிடம் உரக்கப் பேச எனக்குக் கூச்சம்.

முகநூலை நான் பார்ப்பதில்லையா என்று சென்ற முறையும் கேட்டிருந்தாய். 2021 பிப்ரவரி 4 முதல் அது இங்கு நேர்வழியில் திறப்பதில்லை. அதுவரை இந்நாட்டில் பலருக்கு இணையம் என்றாலே முகநூல்தான். பின்னர் தடையைச் சுற்றிக்கொண்டு போகும் விபிஎன் செயலிகளை வைத்துப் பார்த்தார்கள். 2024 மே மாத இறுதியிலிருந்து அவற்றையும் ஒவ்வொன்றாக அடைத்துவிட்டார்கள். வெளியூர்ப் பயணத்தில் வழிச் சோதனைகளில் போனைத் திறந்து காட்டச் சொல்வதுண்டு என்பதால், படங்களும் செயலிகளும் இல்லாத பழைய போன் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் பலர். இதைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம் என்று மகள் சொல்கிறாள். அவள் சொல்வதும் சரிதான்.

ஒன்றை மட்டும் உனக்குச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது உனக்கும் ஒரு நாள் பயன்படலாம். 2025 மார்ச் 28 அன்று மாந்தலேயை உலுக்கிய நிலநடுக்கத்தின்போது அங்குள்ள எங்கள் சம்பந்தி வீட்டாரை அழைத்து அழைத்துக் கை ஓய்ந்தது. அழைப்பும் போகவில்லை, இணையம் வழியே பேசும் வைபர் செயலியும் போகவில்லை. மறுநாள் விடியற்காலையில் சாதாரணக் குறுஞ்செய்தி ஒன்று வந்தது: "எல்லாரும் உயிரோடு, வெளியில் படுத்திருக்கிறோம்." முந்தைய மாலையே அனுப்பியதாம். பேசுவதற்கு லைன் இரு பக்கமும் தொடர்ந்து இருக்க வேண்டும். குறுஞ்செய்தியோ நிறுவனத்தின் மையத்தில் தங்கியிருந்து, நம் போன் ஒரு நொடி சிக்னலைத் தொட்டாலும் வந்து சேர்ந்துவிடும். அன்று முதல் எங்கள் குடும்பத்தில், எது நடந்தாலும் முதலில் எஸ்எம்எஸ், பிறகே மற்றவை என்று ஏற்பாடு செய்திருக்கிறோம். பழைய பொத்தான் போன் ஒன்றும் அதற்கென்றே சார்ஜோடு அலமாரியில் இருக்கிறது.

நண்பா, நீ வருத்தப்படக் கூடாது, ஒரு வேண்டுகோள். தினமும் காலையில் நீ அனுப்பும் பூவும் பொன்மொழியும் கலந்த வணக்கப் படங்களை நிறுத்திவிடு. என் போனில் படங்கள் தாமாக இறங்காதபடி அமைத்துவிட்டேன் என்றாலும், நீ அனுப்பியதாயிற்றே என்று தொட்டுவிடுகிறேன், டேட்டா கரைகிறது. அதற்குப் பதில் இரண்டு வரி எழுது, அல்லது உன் குரலில் பேசி அனுப்பு. குரல் பதிவு அதிக இடம் பிடிப்பதில்லை. பேத்தி திருமணக் காணொளியை முழுதாக அனுப்பாதே. தாலி கட்டும் பகுதியை மட்டும் வெட்டி அனுப்பினால் போதும், மற்றதை ஒரு மெமரி கார்டில் ஏற்றி, தை மாதம் இங்கு வரவிருக்கும் உன் மைத்துனரிடம் கொடுத்துவிடு. கூடவே நல்ல சார்ஜர் ஒயர் இரண்டு, சி வகை முனையுள்ளவை, வாங்கி அனுப்பு. இங்கு விற்பவை மாதம் தாங்குவதில்லை. பணத்தை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

உன் அன்பு நண்பன்