பேட்டரியை மாற்றுமுன் ஸ்விட்சைப் பார்: டிரில் பற்றி மகனுக்கு ஒரு கடிதம்

கோயம்புத்தூர்

அன்புள்ள கதிருக்கு,

உன் டிரில் சரியாக ஓடவில்லை என்றும், கடைக்காரர் பேட்டரியை மாற்றச் சொல்கிறார் என்றும், அந்தப் பேட்டரியின் விலை புது டிரில்லின் விலையில் பாதிக்கு வருகிறது என்றும் எழுதியிருந்தாய். தொலைபேசியில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் இதை எழுதுகிறேன். கருவியைத் திறக்கும்போது கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

நீ சொன்னவற்றுள் ஓர் அறிகுறிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. டிரிக்கரை மெல்ல அழுத்தினால் மோட்டார் அசைவதே இல்லை, அடிவரை அழுத்தினால் மட்டும் சட்டென்று முழு வேகத்தில் சுற்றுகிறது என்கிறாய். பேட்டரி தளர்ந்திருந்தால் இதற்கு நேர்மாறாக நடந்திருக்க வேண்டும். மெதுவாகச் சுற்றும்போது தாக்குப்பிடித்து, வேகமும் பளுவும் சேரும்போதுதான் அது விழுந்திருக்கும். ஆகவே கடைக்காரர் சொன்னதை நான் ஏற்கவில்லை. அவர் கருவியை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாரா, கையிருப்பில் உள்ள பொருளைச் சொன்னாரா என்று கேட்டுப்பார்.

உன்னுடையது 18 வோல்ட் டிரில். பின்பக்கக் காற்றுத் துளைகளுக்குள் நீலப் பொறி தெரிகிறது என்று முன்பு ஒருமுறை கேட்டாய் அல்லவா, அதிலிருந்தே அது கார்பன் பிரஷ் (சுற்றும் பாகத்தில் உரசி மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) உள்ள மோட்டார் என்று தெரிகிறது. இந்த வகை டிரில்லின் ஸ்விட்சுக்குள் ஒரு சிறு மின்சுற்று இருக்கும். டிரிக்கர் எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்பதை அறிந்து, மாஸ்ஃபெட் என்னும் மின்னணுப் பாகத்தின் வழியாக, நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மின்சாரத்தை விட்டு விட்டுச் செலுத்துவது அதன் வேலை. விடும் நேரம் கூடினால் வேகம் கூடும், குறைந்தால் குறையும். டிரிக்கர் அடியைத் தொடும்போது, பல ஸ்விட்சுகளில், ஒரு செம்புத் தொடர்பு தனியே மூடிக்கொண்டு, மாஸ்ஃபெட்டைத் தவிர்த்து மின்சாரத்தை நேராக மோட்டாருக்கு அனுப்பிவிடும். உன் டிரில்லில் இந்த நேர்வழி வேலை செய்கிறது, மாஸ்ஃபெட் வழி அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதே என் கணிப்பு. இதை இன்னொரு விதத்திலும் உறுதிப்படுத்தலாம். நல்ல டிரில்லில் டிரிக்கரைச் சற்றே தொட்டால், சுற்றத் தொடங்குமுன் ஒரு மெல்லிய கீச்சொலி பெரும்பாலும் கேட்கும். உன்னுடையதில் அந்த ஒலியும் இப்போது இல்லையென்றால் மின்சுற்றுதான் செத்திருக்கிறது. ஒலி கேட்டும் மோட்டார் அசையவில்லையென்றால், மோட்டாரையோ கியரையோ ஏதோ பிடித்து நிறுத்துகிறது என்று கொண்டு தேட வேண்டும்.

மாஸ்ஃபெட் எதனால் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புது ஸ்விட்சும் அதே வழியில் போகக்கூடும். புத்தக அலமாரி மாட்டுவதற்காகக் கான்கிரீட் தூணில் துளை போட முயன்றதாகச் சொன்னாய். பிட் உள்ளே போகாமல் நின்றுவிட்ட நிலையில், டிரிக்கரைப் பாதி அழுத்தியபடி நெஞ்சால் முட்டுக்கொடுத்து அழுத்தியிருப்பாய். மோட்டார் சுற்றாமல் நிற்கும்போது அது இழுக்கும் மின்னோட்டம் மிக அதிகம், அது முழுவதும் மாஸ்ஃபெட் வழியாகத்தான் போக வேண்டும், குளிர்விக்கும் விசிறியோ மோட்டாரோடு சேர்ந்து நின்றுபோயிருக்கும். சில நொடிகளே போதும். சுத்தியல் அமைப்பு இல்லாத டிரில் செங்கல் சுவருக்குப் போதும், ஆனால் கான்கிரீட் தூணுக்கு அதைக் கொண்டுபோவது எனக்குப் பிடிக்காத வேலை. அதற்கு, சுற்றிக்கொண்டே சுத்தியல்போல் அடித்துத் துளைக்கும் எஸ்டிஎஸ் வகை ரோட்டரி ஹேமரை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துவிடு.

இருந்தாலும், ஸ்விட்ச் என்று நான் சொல்வதை அப்படியே நம்பி அதை வாங்கிவிடாதே. இடையிடையே வேலையின் நடுவில் டிரில் முற்றிலும் நின்றுபோகிறது என்றும் எழுதியிருக்கிறாய், அதற்குப் பேட்டரியும் காரணமாக இருக்கலாம். ஒரே கருவியில் இரண்டு குறைகள் சேர்ந்து வருவது அரிதன்று. எனவே முதலில் அளந்து பார்.

உன்னிடம் இருக்கும் சிறிய மல்டிமீட்டரே போதும், ஆனால் டிசி 20 வோல்ட் அளவில் வைத்து அளக்காதே. 18 வோல்ட் பேட்டரிக்குள் 3.6 வோல்ட் லித்தியம் அயான் செல்கள் ஐந்து தொடராக இணைந்திருக்கும். முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட் வரை போவதால் மொத்தம் 21 வோல்ட் காட்டும். அது 20க்கு மேல் போவதால் மீட்டர் வெறும் 1 என்ற எண்ணை ஓரத்தில் காட்டி நிற்கும், பேட்டரி கெட்டுவிட்டது என்று நீ நினைத்துக்கொள்வாய். 200 வோல்ட் அளவில் வை. கழுத்தில் சங்கிலி, கையில் மோதிரம் இருந்தால் கழற்றிவிடு. ப்ளஸ், மைனஸ் என்று குறித்த முனைகளில் மட்டும் கம்பியை வை, இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தொடக் கூடாது. நடுவில் இருக்கும் சிறு முனை பெரும்பாலும் வெப்பத்தை அறிவதற்கானது, அதைத் தொட வேண்டியதில்லை.

சார்ஜரிலிருந்து எடுத்துச் சற்று நேரம் கழித்து அளக்கும்போது 20 வோல்டுக்கு மேல் இருந்தால் நல்லது. ஆனால் சும்மா இருக்கும்போது காட்டும் வோல்டேஜை வைத்துப் பேட்டரிக்கு நற்சான்று கொடுத்துவிட முடியாது. தேய்ந்த செல்லும் ஓய்வில் நல்ல எண்ணைக் காட்டும், பளு ஏறும்போதுதான் அதன் குணம் வெளிப்படும். ஒரு மரத்துண்டில் துளையிடும்போது வோல்டேஜ் ஒன்றிரண்டு வோல்ட் இறங்குவது இயல்பு. நான்கைந்து வோல்ட் சரிந்து டிரில்லும் நின்று, பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகுதான் மீண்டும் ஓடுகிறது என்றால், ஒரு செல்லாவது தளர்ந்திருக்கிறது, பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தை வெட்டுகிறது என்று பொருள். கருவியைத் திறந்த பின் அதன் உள்முனைகளில் அளப்பது எளிது, எனவே இந்தச் சோதனையை அப்போது செய்துகொள்ளலாம். அதற்குமுன் பேட்டரி பொருந்தும் தகடுகளைப் பார். அவை கருத்திருந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடை. நடுவில் நின்றுபோகும் குறை அதிலேயே தீர்ந்துவிடுவதும் உண்டு.

பேட்டரியில்தான் குறை என்று தெரிந்தால் அதோடு நிறுத்திக்கொள், உள்ளே கை வைக்காதே. இதை அம்மாவின் பயம் என்று எண்ணாதே. தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் பிரிவு மாணவர்களுக்கும் இதே கட்டுப்பாட்டைத்தான் விதித்தேன். சார்ஜர் ஏற்க மறுக்கும் பேட்டரிக்கு வேறொரு பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து உயிர் கொடுக்கும் வீடியோக்களை நீயும் பார்த்திருப்பாய். லித்தியம் செல் 2 வோல்டுக்கும் கீழே நெடுநாள் இறங்கிக் கிடந்தால், உள்ளிருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். சார்ஜர் மறுப்பது பழுதினால் அன்று, பாதுகாப்புக்காகவே. செல்லை மாற்ற வேண்டுமென்றால் நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்பவரிடம் கொடு, சால்டரிங் அயனைச் செல்லின் மேல் நேரடியாக வைக்காதே. கெட்ட பேட்டரியைக் குப்பைத் தொட்டியிலும் போடாதே. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளர்களுடையது, ஆகவே சேவை மையத்தில் கேட்டுப்பார்.

பேட்டரியை முற்றிலும் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்று உன் மாமா இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம், லித்தியத்துக்கு அது கெடுதல். கொஞ்ச நாள் பயன்படுத்தப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் வை.

இனி திறக்கும் வேலைக்கு வருவோம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்க்ரூத் தலைகள் மேலே பார்க்கும்படி டிரில்லை மேசையில் படுக்க வை. அவை பெரும்பாலும் டார்க்ஸ் என்னும் ஆறுமுனை நட்சத்திரக் குழித் தலையுடன் டி10 அல்லது டி15 அளவில் இருக்கும். பொருந்தாத பிட்டை வைத்துத் திருகினால் தலை மழுங்கிப் பாதி நாள் அதிலேயே போய்விடும். ஓர் அட்டையில் டிரில்லின் உருவத்தை வரைந்து, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது இருந்த இடத்திலேயே குத்தி வை, நீளம் ஒன்றுபோல் இருக்காது. எல்லாம் கழன்ற பிறகும் ஓடு பிரியவில்லையென்றால் நெம்பாதே, லேபிளுக்கு அடியிலோ பின்மூடியிலோ ஒரு ஸ்க்ரூ மறைந்திருக்கும். மேல் ஓட்டைத் தூக்கியவுடன் எதையும் தொடுமுன் படம் எடுத்துக்கொள். திசை மாற்றும் நெம்புகோல் வெறுமனே உட்கார்ந்திருக்கும் பாகம், கை பட்டால் விழுந்துவிடும், எந்தப் பக்கமாக இருந்தது என்பது பிறகு நினைவுக்கு வராது.

மோட்டாருக்கு இரண்டு தடித்த ஒயர்கள் மட்டுமே போகின்றனவா என்று பார். மூன்று போனால் அது பிரஷ் இல்லாத மோட்டார், நான் மேலே சொன்ன கணக்கு அதற்குப் பொருந்தாது, உடனே மூடிவிட்டு எனக்குச் சொல். இரண்டு என்றால், முழு அழுத்தத்தில் அது ஓடுவதை நீயே பார்த்திருப்பதால் மோட்டாரைத் தனியே சோதிக்க வேண்டியதில்லை. கார்பன் தூளை மட்டும் ஊதித் துடைத்து, பிரஷ் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டர் கருகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள். ஓடும்போது அது நீலப் பொறியைச் சிறிதளவு விடுவது சாதாரணம், வட்டம் முழுவதும் நெருப்பு வளையமாகத் தெரிந்தால் அதன் ஆயுளும் முடிந்துகொண்டிருக்கிறது. கியர் பெட்டியைத் திறக்காதே. அதிலுள்ள கிரீஸ் போதும், தையல் மெஷின் எண்ணெயையோ தேங்காயெண்ணெயையோ ஊற்றிவிடாதே.

ஸ்விட்சிலிருந்து மூன்று ஒயர்கள் கிளம்பி, ஓர் அலுமினியத் தகட்டில் முடுக்கிய கறுப்புப் பாகத்துக்குப் போவது தெரிந்தால், அதுதான் மாஸ்ஃபெட். அதை மட்டும் வாங்கி மாற்றுபவர்கள் இருக்கிறார்கள், நான் அதைச் சொல்ல மாட்டேன். போனது மாஸ்ஃபெட்டா, அதை இயக்கும் சுற்றா என்று உறுதிசெய்ய ஸ்விட்சைப் பிளக்க வேண்டும், பிளந்தால் உள்ளிருக்கும் ஸ்ப்ரிங்குகள் அறையெங்கும் தெறிக்கும். முழு ஸ்விட்சும் பேட்டரி விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கும்.

வாங்கும்போது அதன் மேல் அச்சிட்ட வோல்டேஜ், ஆம்பியர் இரண்டும் ஒத்திருக்க வேண்டும், உடலின் வடிவமும் நெம்புகோல் உட்காரும் இடமும் ஒத்திருக்க வேண்டும், முன்விளக்குக்கான ஒயர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முதலில் சேவை மையத்தில் கேள். அங்கே இல்லையென்றால் பழைய ஸ்விட்சைக் கையில் எடுத்துக்கொண்டு பெங்களூரு எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போ, படத்தை மட்டும் காட்டி வாங்காதே. மாட்டும்போது ஒயர்களை ஒவ்வொன்றாக மாற்று. ஒயர் தடிப்பாக இருப்பதால் 25 வாட் சால்டரிங் அயன் போதாது, 60 வாட் வேண்டும். இணைப்பின் மேல் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடு. மூடிய பிறகு நெம்புகோலை முன்னோக்கி வைத்தும் டிரில் பின்னோக்கிச் சுற்றினால், மோட்டார் ஒயர்கள் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன, கெடுதல் ஒன்றுமில்லை, மறுபடி திறந்து மாற்றிவிடு. நெம்புகோல் நடுவில் இருந்தால் டிரிக்கர் பூட்டிக்கொள்ளும், அதைக் கண்டு புது ஸ்விட்சும் போய்விட்டது என்று பதற வேண்டாம்.

பிட் ஆடுகிறது என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய். முதலில் வேறொரு நேரான பிட்டைப் போட்டுப் பார். அதுவும் ஆடினால்தான் பிட்டைப் பிடிக்கும் ‘சக்’கில் குறை. சக்கை அகலத் திறந்தால் அடியில் ஒரு ஸ்க்ரூ தெரியும். அது பெரும்பாலும் இடப்புரி மரை, கழற்றுவதற்குக் கடிகார முள் சுற்றும் திசையில் திருக வேண்டும். வழக்கமான திசையில் பலத்தைக் காட்டினால் தலை உடைந்துவிடும். இந்த வேலையை ஸ்விட்ச் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வோல்டேஜ் அளவுகளையும், பழைய ஸ்விட்சின் எழுத்துகள் தெளிவாகத் தெரியும் படத்தையும் வியாழக்கிழமைக்குள் அனுப்பிவிடு, பார்த்துச் சொல்கிறேன். சனிக்கிழமை காலையில் எஸ்.பி. ரோட்டுக்குப் போ, ஞாயிற்றுக்கிழமை அங்கே பல கடைகள் மூடியிருக்கும்.

அன்புடன்,
அம்மா