மாரிக்கு முன் கூரை ஏற வேண்டும்: எமது வித்தியாலய விஞ்ஞான ஆய்வுகூடத்துக்கான நன்கொடை வேண்டுகோள்

கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் துணை

அன்புடையீர்,

ஆய்வுகூடச் சுவர்கள் கதவு, யன்னலுக்கு மேல் வரும் லிண்டல் மட்டத்தோடு நின்று நான்கு மாதங்கள் ஆகின்றன. தூண்களின் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் துருவேறத் தொடங்கிவிட்டன. ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் தை வரை மேசன்மார் கைவைக்க முடியாது என்பதை வேளாண்மை செய்யும் உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. அடுத்த ஆண்டு உயர்தர விஞ்ஞானப் பிரிவைத் தொடங்க விண்ணப்பித்திருக்கிறோம். பார்வையிட வரும் கல்வி அதிகாரிகளிடம் பாதிச் சுவரைக் காட்டி அனுமதி கேட்க இயலாது. இன்னும் தேவைப்படுவது 34 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாய்.

இளையவர்களுக்குப் பழைய கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். மட்டக்களப்பு நகரில் 1814ஆம் ஆண்டிலேயே மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் வந்திறங்கிப் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டார். கல்லடி உப்போடையில் சுவாமி விபுலானந்தர் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்த நமக்கோ, பிள்ளை படிக்க வேண்டுமென்றால் தோணி வேண்டும். தோணிக்குக் காற்று ஒத்துவர வேண்டும். 1945இல் இலவசக் கல்வி வந்தது. சட்டம் வந்ததே தவிர, படுவான்கரையில் நம் ஊருக்குக் கட்டடம் வரவில்லை. ஊர்ப் போடியார் (பெரிய வயற்காரர்) ஒருவர் தமது வளவில் ஒரு துண்டை எழுதிக் கொடுத்தார். எந்தக் குடி (தாய்வழிக் குலம்) எத்தனை கப்பு (கூரை தாங்கும் மரக்கால்) நடுவது என்று அம்மன் கோயில் முன்றலில் இருந்து தீர்மானித்தார்கள். பெண்கள் கிடுகு பின்னினார்கள். வெட்டு முடிந்ததும் வீடு வீடாக மரைக்காலால் நெல் அளந்து சேர்த்தார்கள். முதல் ஆசிரியருக்கு அந்த நெல்லே சம்பளம். முதல் கப்பை நட்ட குடி எது என்பதில் ஊர் முதியவர்கள் இருவருக்கிடையே இன்றுவரை வழக்கு ஓய்ந்தபாடில்லை. சங்கம் அதில் தலையிடாது.

1957ஆம் ஆண்டு வெள்ளம் அந்தக் கொட்டிலைக் கொண்டுபோனது. அடுத்த போகத்துக்குள் புதிதாகக் கட்டினார்கள். 1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளியில் ஓடும் போயிற்று, வளவில் நின்ற மரங்களும் போயின. விழுந்து கிடந்த மரங்களில் பிள்ளைகளை இருத்தி வகுப்பு நடத்தினார்கள். 2004 சுனாமியின்போது வாவிக்குக் கிழக்கே கடலோரமான எழுவான்கரையிலிருந்து உடுத்த உடையோடு வந்தவர்களுக்கு இதே வகுப்பறைகளைத் திறந்துவிட்டோம். 2007இல் போரால் நமது முறை வந்தது. ஊரே பெயர்ந்து அக்கரை முகாம்களில் தறப்பாளின் கீழ்க் கிடந்தோம். அப்போதைய அதிபர் தமது வீட்டுச் சாமான்களை விட்டுவிட்டு, பாடசாலையின் அன்றாட நிகழ்வுகளை எழுதும் சம்பவத் திரட்டுப் புத்தகத்தையும் மாணவர் இடாப்பையும் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது மேசை கதிரைகளில் பெரும்பகுதி இல்லை. ஆனாலும் எந்தப் பிள்ளை எந்த வகுப்பு என்பது தெரிந்திருந்தது. பள்ளிக்கூடம் மறுவாரமே தொடங்கிவிட்டது.

2014இல் மண்முனைப் பாலம் திறந்தது. துறையில் வாவி கடக்கும் பாதைப் படகுக்காகக் காத்துக் கிடந்த காலம் ஒழிந்தது. அதனால் ஒரு கெடுதலும் வந்தது என்பதை ஒளிக்காமல் சொல்கிறோம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அதிகாலை பஸ்ஸில் ஏறி நகரப் பாடசாலைகளுக்குப் போய்விட்டார்கள். சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு ‘ஏ’ எடுத்த ஏழைப் பிள்ளை, பஸ் காசுக்கும் தங்குமிடத்துக்கும் வழியில்லாமல் இங்கே கலைப் பிரிவில் இருக்கிறது. கலைப் பிரிவை நாம் குறைவாக நினைக்கவில்லை. நமது வித்தியாலயம் பெருமைப்படும் ஆசிரியர்கள் பலர் அதில் படித்தவர்களே. விரும்பிப் படிப்பது வேறு, போக்கிடம் இல்லாமல் படிப்பது வேறு. பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறது என்று மேடைதோறும் பேசுகிறோம். விஞ்ஞானப் பிரிவே இல்லாத பாடசாலைப் பிள்ளைக்கு மருத்துவ பீடத்தில் எத்தனை இடம் ஒதுக்கி என்ன பயன்?

இப்போதிருக்கும் விஞ்ஞான அறையில் நுணுக்குக்காட்டி ஒன்றே ஒன்று உண்டு. அதன் வில்லையில் பூஞ்சணம் படர்ந்துவிட்டது. ஆசிரியை கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்து, வெங்காயத் தோலின் கலங்கள் இப்படித் தெரியும் என்று சுண்ணக்கட்டியால் கீறிக் காட்டுகிறார்.

இனிக் கணக்கு. மதிப்பீடு 96 இலட்சம் ரூபாய். இதுவரை சேர்ந்தது 61 இலட்சத்து 40 ஆயிரம். அது முழுவதும் செலவாகிவிட்டது. முதல் மதிப்பீடு போட்டபோது ஆயிரம் ரூபாய் அளவில் விற்ற சீமெந்துப் பக்கெட் 2022 நெருக்கடியில் மூவாயிரத்தைத் தாண்டியது. மதிப்பீட்டைத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. மீதி வேலையில் கூரைச் சட்டமும் தகடும் 14 இலட்சத்து 80 ஆயிரம். கதவு, யன்னல் 6 இலட்சத்து 20 ஆயிரம். தண்ணீர்க் குழாயும் தொட்டியும் பொருத்திய ஆய்வு மேசைகள் 7 இலட்சத்து 40 ஆயிரம். மின்சார வேலை 3 இலட்சத்து 10 ஆயிரம். நிலமும் பூச்சும் அதே அளவு. கூரைப் பணம் முதலில் வேண்டும். மற்றவை தை வரை பொறுக்கும்.

இதுவரை தந்தவர்களை வணங்காமல் மேலே போக மனம் வரவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தமது முதல் ஓய்வூதியத்தை உறையைப் பிரிக்காமலே தந்தார். சுவிஸிலும் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பழைய மாணவர்கள் தூண்களையும் அத்திவாரத்தையும் பொறுப்பேற்றார்கள். கட்டாரில் கட்டட வேலை செய்யும் நம் பொடியன்மார் சம்பள நாளில் சிறுகச் சிறுக அனுப்பியது, சேர்த்துப் பார்த்தால் சில பெரிய புள்ளிகள் தந்ததைவிட அதிகம். பன்பாய் இழைத்து மூன்று பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாய் ஐயாயிரம் ரூபாயைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தார். வேண்டாம் என்று சொன்ன பொருளாளருக்கு நல்ல ஏச்சு கிடைத்தது. கண்ணகி அம்மன் ஆலய நிர்வாகிகளான வண்ணக்கர்மார் இம்முறை வைகாசிச் சடங்கின் மின்விளக்கு அலங்காரத்தைக் குறைத்து மிச்சத்தை நம்மிடம் ஒப்படைத்தார்கள். அம்மனுக்கு அதில் குறையொன்றும் இராது. காத்தான்குடிக் கடை முதலாளி ஒருவர் நாற்பது பக்கெட் சீமெந்தைக் கடனாக இறக்கிவிட்டுப் போனார். இன்றுவரை அவர் வாய் திறந்து கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் நமக்கு இவ்வளவு வெட்கம் இருந்திராது.

வெட்கம் என்றதும் இன்னொன்று. அடிக்கல் நாட்டிய அன்று ஒலிபெருக்கியில் தொகை சொல்லிக் கைதட்டு வாங்கியவர்களில் பதினொரு பேர் இன்னும் தரவில்லை. பெயர்களை வெளியிடும் எண்ணம் நமக்கில்லை. ஆனால் கொப்பியில் இருக்கின்றன, தொகையோடு. வட்ஸ்அப் குழுவில் கும்பிடு படம் போடும் அன்பர்களுக்கும் நன்றி; அதைத் தகட்டுக் கடையில் மாற்ற முடியவில்லை. பிள்ளையின் பூப்புனித நீராட்டு விழாவுக்கு ஐந்து இலட்சம் செலவழிக்கும் வீடுகள் இப்போது ஊரில் உண்டு. அந்தப் பிள்ளை படிக்கும் கட்டடத்துக்கு அதில் இருபதில் ஒன்று கேட்பது அதிகமா? கிடுகு பின்னியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

காசு இல்லாதவர்கள் ஒதுங்க வேண்டாம். வரும் ஞாயிறு முதல் மூன்று ஞாயிறுகள் சிரமதானம் உண்டு. மணல் அள்ளவும் சட்டம் ஏற்றவும் ஆள் வேண்டும். மண்வெட்டியும் தாச்சியும் கொண்டு வாருங்கள். மத்தியானச் சோறு மாதர் சங்கத்தின் பொறுப்பு. நெல்லாகத் தர விரும்புவோரிடம் மூடையை வீட்டு வாசலிலேயே வந்து எடுத்துக்கொள்வோம்.

வங்கிக் கணக்கு இலக்கம் அதிபர் அலுவலகத்திலும் வாசல் அறிவித்தல் பலகையிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. வரவு செலவு அதே பலகையில் வெள்ளிதோறும் புதுப்பிக்கப்படும். முத்திரை குத்திய பற்றுச்சீட்டு இல்லாமல் எவரிடமும் காசு கொடுக்க வேண்டாம், கேட்பவர் எமது செயலாளரே ஆனாலும்.

இவ்வண்ணம்,
ஆய்வுகூடக் கட்டடக் குழு
பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும்