முதலில் கொக்கி, அப்புறம் கத்தி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காணொளி பார்த்துவிட்டுப் பொழுதுபோக்காக இரும்படிக்க இறங்குகிறவர்கள் முதல் நாளே லாரிப் பட்டையை (லாரியின் அடியில் இருக்கும் வில் பட்டை) வாங்கி வந்து கத்தி அடிக்கப் பார்க்கிறார்கள். கை ஓய்ந்து போவதுதான் மிச்சம். அந்தப் பட்டை கார்பன் கூடிய எஃகு. சூடு இறங்கிய பிறகு அடித்தால் விரிசல் விடும், சூடு மிஞ்சினால் உதிரும். பழகுவதற்கு 10 மி.மீ. எம்.எஸ். (கார்பன் குறைந்த மென் எஃகு) கம்பி போதும். கட்டடத்தில் மிஞ்சிய டி.எம்.டி. கம்பி வேண்டாம், அதன் மேலிருக்கும் வரிகள் அடிக்கும்போது மடிந்து உள்ளே பிளவாக நின்றுவிடும்.

கம்பியை இரண்டடி நீளமாக வெட்டிக்கொண்டால் குறடே தேவைப்படாது. சுவரில் மாட்டும் கொக்கி ஒன்றை அடியுங்கள். நுனியை ஆரஞ்சு மஞ்சளாகும் வரை காய்ச்சி, ஒரு கிலோ சுத்தியலால் முதலில் சதுரமாக அடித்துக் கூராக்குங்கள். பிறகு நான்கு விளிம்புகளையும் தட்டி எட்டுப் பட்டையாக்கி, கடைசியில்தான் உருட்ட வேண்டும். எடுத்த எடுப்பிலேயே உருண்டையாக அடித்தால் நுனி நடுவில் பிளந்துகொள்ளும். புதியவர்களின் கொக்கி பாழாவது பெரும்பாலும் இங்கேதான். நிறம் மங்கிய சிவப்புக்கு இறங்கியதும் மறுபடி உலைக்குள் வையுங்கள்.

வெயிலில் நின்று அடிக்கக் கூடாது. நிறம் தெரியாமல், இன்னும் காயவில்லை என்று நினைத்து எரித்துவிடுவீர்கள். கொல்லுப்பட்டறை இருட்டாக இருப்பது சும்மா இல்லை! கம்பியிலிருந்து மத்தாப்பூப் போல வெள்ளைப் பொறி பறந்தால் இரும்பே எரிகிறது என்று பொருள். அந்த நுனியை வெட்டி எறிய வேண்டியதுதான்.

உலைக்குச் சீமைக்கருவேலக் கரி நன்றாக எரியும். எலுமிச்சை அளவுக்கு உடைத்து, காற்று வரும் வாய்க்கு மேல் அரையடிக்குக் குறையாமல் நிரப்பி, கம்பியை நடுக்கரியில் படுக்க வையுங்கள். வாய்க்குப் பக்கத்தில் செருகினால் மிச்சக் காற்று பட்டுச் செதில் செதிலாக உரியும். காற்றுக்குழாய் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ஆக இருக்கக் கூடாது. அந்தப் பூச்சு சூடேறிக் கிளம்பும் புகை குளிர்காய்ச்சலில் தள்ளும்.

பட்டடைக்கு, அதாவது இரும்பை வைத்து அடிக்கும் அடிகல்லுக்கு, ரயில் தண்டவாளத் துண்டு தேடி அலைவது பெரிய வம்பு. கணக்குக் காட்ட முடியாத ரயில்வே இரும்பை வைத்திருந்தால் 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பழைய இரும்புக் கடையில் 20, 25 கிலோ எடையுள்ள கட்டி ஒன்றை ரசீதோடு வாங்கி, புளியங்கட்டை மேல் அசையாமல் பதித்தால் போதும். நின்று அடிப்பவருக்கு அதன் மேல்முகம், கையைத் தொங்கவிட்டால் முஷ்டி தொடும் உயரத்தில் இருக்க வேண்டும். நம்மூர்ப் பட்டறைகளில் உட்கார்ந்து அடிப்பதால் பட்டடை தரையோடு இருக்கும். அதைப் பார்த்து அளவெடுத்தால் முதுகு போய்விடும்.

பருத்தி உடை, கண்ணாடி இரண்டும் கட்டாயம். காய்ந்த இரும்பைச் சிமெண்ட் தரையில் போடாதீர்கள். உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகித் தரை தெறிக்கும்.

பத்துக் கொக்கிகள் ஒரே அளவில் வந்த பிறகு லாரிப் பட்டையைத் தொடலாம். அதற்குத் துவைச்சல் (காய்ச்சிய எஃகைச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்குவது) தண்ணீரில் போட வேண்டாம், விரிசல் விடும். இளஞ்சூடான கடலை எண்ணெய் நல்லது. பழைய இன்ஜின் ஆயிலின் புகை நெஞ்சுக்கு ஆகாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பாச்சேத்தி